இருபத்தைந்தாவது வளைவு

தாம்பரம் கிழக்கில், கேம்ப் ரோட்டில் ஓடும் ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைத் ‘தாலி ஸ்கொயர்’ என்பார்கள். கட்டிய இன்ஜினியர் பெயர் டேலி. எண்பத்தெட்டு வருஷத்தில் டேலி தேய்ந்து தாலியாகிவிட்டார். ரோட்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவே பதினெட்டு அடி அகலத்தில் ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே போனால் திடீரென்று வானம் பெரிதாகும். நடுவில் மண் தரை, அதன் மத்தியில் சிமெண்ட் பலகை போட்டு மூடிய கிணறு. நாலு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். வீட்டுக்கு ஒரு வளைவு, வளைவின் உச்சியில் சுண்ணாம்பில் எழுந்து நிற்கும் ஓர் எண்.

ஜெரூஷா அந்த வாசலில் மறுபடி நுழைந்தபோது இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. கையில் டேப், லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, கட்டம் போட்ட நோட்டு. பழைய கட்டடங்களை அளந்து வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பாரம்பரியக் கட்டடக் குழு இந்தச் சதுக்கத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டு அந்த அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. முதலாளி மோகன்ராஜ் ஃபைலை மேஜையில் போட்டு “யார் போறீங்க?” என்றார். அவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்குவதற்குள் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“வாங்க மேடம், வாங்க” என்று பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் சங்கத் தலைவர் கங்காதரன் இறங்கி வந்தார். எழுபத்து நாலு வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதே இரண்டு பேனா. அவளை அவருக்குத் தெரியவில்லை. அன்று அவள் ரெட்டைச் சடை போட்ட பாலிடெக்னிக் பெண். இன்று முடி பாதி நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள்.

“காபி சாப்பிடுங்க முதல்ல. அளக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு? பழைய ரயில்வேக்காரங்க சொசைட்டி போட்டுக் கட்டின வீடு. சுவர்ல கை வெச்சா சுண்ணாம்பு உதிருது. மழைன்னா மேல மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகுது. இருபத்து மூணு வீட்டுக்காரங்க ஃபிளாட் கட்டறதுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. ஏழாம் நம்பர்ல ஒரு கிழவி மட்டும் மாட்டேன்னு மனு போட்டு, இந்தப் பேஜாரை இழுத்து விட்டிருக்கா.”

“பார்த்து எழுதறேன் சார்.”

“ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுங்க. ஒரே வரி. உங்களுக்கும் வேலை மிச்சம்.”

அவள் காபியைக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்கப்போன நாக்கைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் முன்பு டம்ளரை அவளேதான் கழுவி வைக்க வேண்டும்.

பிறகு அளக்க ஆரம்பித்தாள்.

தெற்கில் வாசல். வாசலுக்கு இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு. மேற்கில் ஆறு. கிழக்கில் ஆறு. வடக்கில், வாசலுக்கு நேர் எதிரே, மூன்று வீடு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று வீடு. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே அந்த இடைவெளி. அதை அடைத்துக் கறுப்புக் கிரானைட்டில் ஒரு சுவர். ‘எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவுச் சுவர்’ என்று பொன் எழுத்து, கீழே கங்காதரனின் அப்பா பெயர், அதன் கீழே கங்காதரன் பெயர். இடைவெளியின் அகலத்தை அளந்தாள். பதினெட்டு அடி. அளக்காமலே அவளுக்குத் தெரியும். அந்தப் பதினெட்டு அடிக்குள் அவள் பத்தொன்பது வருஷம் தூங்கி எழுந்திருக்கிறாள்.

அங்கே இருபத்தைந்தாவது வீடு இருந்தது.

கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு, அதன் மேல்மாடியில் இரும்புத் தொட்டி, கீழே இரண்டு அறை. தொட்டியிலிருந்து ஒரே ஒரு வார்ப்பு இரும்புக் குழாய் புறப்பட்டு, வளைவுகளின் பின்சுவரோடு நாலு பக்கமும் சுற்றி இருபத்து நாலு வீட்டுக்கும் போகும். டேலி மற்ற வீடுகளுக்கெல்லாம் எண் வைத்தார். அதற்கு மட்டும் எண் வைக்காமல் வளைவின் உச்சியில் சுண்ணாம்பில் ஒரு குடம் வைத்தார். வாசலில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்தக் குடம்தான். ஜனங்கள் குடத்து வீடு என்பார்கள்.

குடத்து வீட்டில் ஆபேல் இருந்தார். ஜெரூஷாவின் அப்பா. சொசைட்டியின் பம்பு ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வால்வைத் திறப்பார். திறப்பதற்கு முன் ஸ்பானரால் குழாயில் மூன்று தட்டு. குழாய் ஒரே குழாய் ஆனதால் அந்தச் சத்தம் இருபத்து நாலு வீட்டுச் சுவருக்குள்ளும் ஓடும். டங். டங். டங். அடுத்த நிமிஷம் எல்லா வீட்டிலும் பெண்கள் குழாயடிக்கு ஓடுவார்கள். முப்பத்தொரு வருஷம் ஒரு நாளும் தவறவில்லை. பண்டிகை, மழை, அவர் கல்யாணம், எதற்கும் தவறவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் கிணறு வற்றியது. ஊர் முழுக்க வற்றியது. வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். பம்புக்கு வேலை இல்லை, பம்புக்காரனுக்கும் இல்லை. அதே வருஷம் சொசைட்டி கலைந்து ஆளாளுக்குப் பட்டா வாங்கினார்கள். ஆபேலும் ஒரு மனு கொடுத்தார். “முப்பத்தொரு வருஷமா இருக்கேன் சார். இருக்கிற இடத்துக்குத்தான் கேக்கறேன்.” பன்னிரண்டாம் நம்பர்க்காரர் அப்போதே காரை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் சார்பில் வழக்குப் போட்டார்.

கங்காதரன் கோர்ட்டில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகல் ஜெரூஷாவின் பெட்டியில் இருந்தது. படித்துப் படித்து மனப்பாடம்.

‘மேற்படி சதுக்கம் கட்டப்பட்ட நாள் முதல் இருபத்து நான்கு வீடுகளை மட்டுமே கொண்டது. அதன் அமைப்பில் இன்றுவரை ஒரு செங்கல்கூட மாற்றப்படவில்லை. பிரதிவாதி அத்துமீறித் தங்கியிருப்பது வீடு அல்ல. பின்னாளில் போடப்பட்ட மோட்டார் ஷெட். அதற்கு எண்கூட இல்லை.’

டேலியின் வரைபடத்தைக் கேட்டபோது கறையான் தின்றுவிட்டது என்றார்கள். எண் இல்லாதது வீடு ஆகுமா என்று வக்கீல் கேட்டார். குடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் காலை பத்து மணிக்கு இடித்தார்கள். ஆபேல் வால்வை மூடி, சக்கரத்தைத் துணியால் துடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கங்காதரனிடம் நீட்டினார். கங்காதரன் கை நீட்டவில்லை. “அங்க வெச்சிட்டுப் போ” என்றார். அப்பா கிணற்றுச் சுவரில் சாவியை வைத்தார். குடம் முதல் அடியிலேயே விழுந்தது.

கோவிலம்பாக்கத்தில் ஒரு போர்ஷன் கிடைத்தது. குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. இருபத்து நாலு வீட்டுக்குத் தண்ணீர் விட்டவர் பிளாஸ்டிக் குடத்தோடு லாரி வரிசையில் நின்றார். அக்டோபரில் செத்துப்போனார். டாக்டர் நெஞ்சு என்றார். ஜெரூஷா டாக்டரை மறுக்கவில்லை.

இப்போது அவள் ஏணியில் ஏறிப் பன்னிரண்டாம் நம்பரின் கடைசித் தூணைப் பார்த்தாள். கிரானைட் சுவர் தூணை ஒட்டி நின்றது. சுவருக்கு மேலே, சிமெண்ட் பூச்சுக்கு அடியில் ஏதோ புடைத்திருந்தது. தூணின் இந்தப் பக்கம் பன்னிரண்டாவது வளைவு கிளம்புகிறது. அந்தப் பக்கம் இன்னொரு வளைவு கிளம்பி, இரண்டு செங்கல் தூரம் போய், வெட்டுப்பட்டு நிற்கிறது. பதின்மூன்றாம் நம்பர்த் தூணிலும் அப்படியே, எதிர்த் திசையில். ஓர் ஆள் கையை நீட்டியபடி மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது போல.

இடித்தவர்கள் அவசரத்தில் இருந்திருக்கிறார்கள். செங்கலைச் செதுக்காமல் மேலே பூசிவிட்டார்கள்.

அவள் அளந்தாள். வரைந்தாள். பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

“இன்னாம்மா, மேல ஏறி இன்னா தேடறே?”

கீழே ஏழாம் நம்பர் செல்லியம்மாள். மனு போட்டவள். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

“நீ குடத்து வூட்டு ஆபேலு பொண்ணுதானே?”

ஜெரூஷா முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மூக்கு அப்புடியே அவன் மூக்கு. பயப்படாத, நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்? இவனுங்களாண்ட பேச்சே வெச்சிக்கிறதில்ல. நீ அளந்துகினு இரு. நல்லா இழுத்து அள.”

செல்லியம்மாள் சொல்லவில்லை. காட்டிக் கொடுத்தது ஜெரூஷாவின் கைதான்.

மூன்றாம் நாள். பழைய குழாய் எதுவரை முழுசாக இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தட்டிப் பார்த்தால் சத்தத்தில் தெரியும். தூக்குக்குண்டைக் கையில் எடுத்துப் பதின்மூன்றாம் நம்பர்ப் பக்கம் சுவரோடு தெரிந்த குழாயில் தட்டினாள். ஒரு தட்டுப் போதும். கை மூன்று தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி.

டங். டங். டங்.

குழாய் இன்னும் முழுசாகத்தான் இருந்தது. எங்கோ கிழக்கு வரிசையில் ஒரு பெண் “தண்ணி…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஏழாம் நம்பரில் செல்லியம்மாள் உரக்கச் சிரித்தாள். பன்னிரண்டாம் நம்பர்க் கதவு திறந்தது.

கங்காதரன் படியில் நின்று அவளைப் பார்த்தார். தூக்குக்குண்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“நீயா” என்றார்.

“நான்தான் சார்.”

கதவு மூடியது.

அறிக்கை எழுத அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பொய் ஒன்றும் எழுதவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. உள்ளதை எழுதினாள். வளைவுகளின் வரிசையில் காலை வெயில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகிறது என்று எழுதினாள். கடுக்காய் போட்டு அரைத்த சுண்ணாம்பு இன்றும் கல் போல இருப்பதை எழுதினாள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மற்ற எல்லா வாசலும் தெரியும், ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியாதபடி கட்டப்பட்ட இடம் என்று எழுதினாள். ஒவ்வொரு தூணையும் புகழ்ந்தாள். புகழப் புகழ அந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது அவளுக்குக் கேட்டது. இதில் ஒரு பாதி ஒப்புக்கொள்ளப்பட்டாலும் சதுக்கம் பட்டியலில் சேர்ந்துவிடும், அப்புறம் இருபத்து நாலு பேரும் ஓர் ஆணிகூடப் பிடுங்க முடியாது.

மாற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ‘கட்டப்பட்ட நாள் முதல் அமைப்பில் ஒரு செங்கல்கூட மாற்றப்படவில்லை என்று சங்கத்தின் இன்றைய தலைவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கூறியுள்ளார். நகல் இணைப்பு.’

மோகன்ராஜ் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜெரூஷா, பத்து வருஷமா உங்க ரிப்போர்ட்டைப் படிக்கிறேன். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, அதுக்கு மேல ஒரு வார்த்தை இருக்காது. இது என்ன, காதல் கடிதம் மாதிரி இருக்கு?”

“நல்ல கட்டடம் சார்.”

“வடக்குப் பக்கம் இது என்ன? ரெண்டு தூண்லயும் வளைவு பாதியில நிக்குது. இங்க ஏதோ இருந்திருக்கு.”

“சங்கத் தலைவர் இல்லைங்கிறார். சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கார்.”

“இருந்து இடிச்சிருந்தாலும் ஒண்ணும் குறையாது. ஒரு பாகம் போயிட்டா மீதியோட தகுதி போகாதுன்னு விதியிலயே இருக்கு. சரி, அனுப்பிடுவோம்.”

அந்த விதி அவளுக்குத் தெரியும். பதினோராம் பத்தி.

கங்காதரனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, கோவிலம்பாக்கம் தெருமுனையில் அவர் நின்றிருந்தார். வெயிலில் வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதே போர்ஷன்தான். அம்மா போன பிறகும் அவள் வீடு மாற்றவில்லை. நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

“ரிப்போர்ட் காப்பி எனக்கும் அனுப்பினாங்கம்மா. படிச்சேன்.”

“சரிங்க சார்.”

“என் வாக்குமூலத்தையே எடுத்து எனக்கு எதிரா வெச்சிருக்கே.”

“எதிராவா? நீங்க சொன்னதைத்தானே நம்பியிருக்கேன். கோர்ட்டே நம்பிச்சு.”

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். “இதோ பாரு. நடந்தது நடந்துபோச்சு. ஆபேல் நல்ல மனுஷன், நான் இல்லைன்னு சொல்லல. இப்ப நீ ஒண்ணு பண்ணு. அங்க ஒரு வீடு இருந்துச்சு, இடிச்சிட்டாங்க, அதனால ஸ்கொயர் பழைய மாதிரி இல்லைன்னு எழுது. உண்மைதானே? உன் வீடுதானே? எழுதினா உனக்கும் ஒரு… ஒரு ஆறுதல்.”

“எங்க சார் வீடு இருந்துச்சு?”

“என்னம்மா கேக்கறே?”

“நான் அளந்தேன். இருபத்து நாலு எண்தான் இருந்துச்சு. எண் இல்லாதது வீடு ஆகுமா?”

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“என் பையன் துபாய்ல வேலையை விட்டுட்டு வந்திருக்கான். இந்த ஃபிளாட்டை நம்பித்தான் அவன் மேற்கொண்டு போட்டிருக்கிற திட்டமெல்லாம். எழுதும்மா. இருந்துச்சுன்னு எழுது.”

வழக்குப் போட்ட நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்க நினைத்த வாக்கியம் அது. கேட்டபோது பெரிதாக ஒன்றும் இல்லை. மூடிய அறைக்குள் சொன்னது யாருக்கு வேண்டும்?

“எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க. விசாரணைல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

“சொன்னா, அப்ப பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு ஆகாதா? என் மேல கேஸ் வராதா?”

“வக்கீலைக் கேளுங்க.”

“சொல்லிட்டா பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்களா? அதைச் சொல்லு.”

பதினோராம் பத்தி நாக்கு நுனியில் இருந்தது.

“குழுதான் சார் முடிவு பண்ணும்” என்றாள்.

அவர் எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக் காலால் துழாவினார். அவள் குனிந்து எடுத்து வைக்கவில்லை. “டம்ளரை” என்றாள். அவர் திரும்பினார். “கழுவி வெச்சிட்டுப் போறீங்களா சார்?”

அவர் நின்றார். பிறகு, ஏன் என்று தெரியாமலோ தெரிந்தோ, குனிந்து டம்ளரை எடுத்தார். பின்கட்டுக் குழாயைத் திறந்தார். அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. நீளமான மேஜை, ஐந்து உறுப்பினர்கள். தலைமை துர்கா என்ற ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. ஒரு பக்கம் கங்காதரன், அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள், ஃபிளாட் கட்டும் கம்பெனியின் ஆள் ஒருவர். இன்னொரு பக்கம் மோகன்ராஜும் ஜெரூஷாவும். செல்லியம்மாள் நடுவில், இரண்டு பக்கத்தையும் வேடிக்கை பார்க்க வசதியாக.

கங்காதரன் எழுந்தார். காகிதத்தைப் பார்த்துப் படித்தார். உளுத்த உத்தரம், ஒழுகும் தளம். துர்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒழுகறது சரி பண்ணக்கூடியதுதான். ரிப்போர்ட்ல கட்டடம் உறுதியா இருக்குன்னு இருக்கே.”

“மேடம், அந்த ரிப்போர்ட்டே செல்லாது.” காகிதத்தை மடித்தார். குரல் ஏறியது. “எழுதின பொண்ணு நடுநிலையான ஆள் இல்ல. எங்க மேல பழைய பகை.”

மோகன்ராஜ் திரும்பி ஜெரூஷாவைப் பார்த்தார். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பகை?” என்றார் துர்கா.

“இவங்க அப்பாவுக்கும் சங்கத்துக்கும் ஒரு வழக்கு.”

“எதைப் பத்தி?”

“இடம் சம்பந்தமா.”

“எந்த இடம்?”

கங்காதரன் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “வடக்குப் பக்கம். இப்ப நினைவுச் சுவர் இருக்கிற இடம்.”

துர்கா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். “இதுதான் நானும் கேக்கணும்னு இருந்தேன். அங்க என்ன இருந்துச்சு?”

“ஷெட் மேடம். மோட்டார் ஷெட்.”

“ஷெட்டுக்கு வளைவு எதுக்கு? ரெண்டு தூண்லயும் கிளம்பி நிக்குதே.”

செல்லியம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் “ஷெட்டாம்” என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, ஷெட்டுன்னே வெச்சுக்குவோம். ஷெட்டுன்னா பின்னால வந்தது. மூல அமைப்புல சேராது. அதை எடுத்தது மாற்றம் ஆகாது. அப்ப சதுக்கம் டேலி கட்டினது போலவே முழுசா இருக்கு. நீங்க கோர்ட்டுல சொன்னதும் அதுதான். எழுதிக்கலாமா?”

கம்பெனி ஆள் முன்னால் குனிந்து கங்காதரனின் காதில் ஏதோ சொன்னார். கங்காதரன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த ஆள் மறுபடி சொன்னார். கங்காதரன் ஜெரூஷாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஷெட் இல்ல” என்றார்.

“என்னது?”

“வீடு.”

“சத்தமா சொல்லுங்க. குறிப்பு எடுக்கணும்.”

“வீடு மேடம்.” இப்போது குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. “இருபத்தஞ்சாவது வீடு. டேலி கட்டின வீடு. மேல தண்ணித் தொட்டி. முகப்புல குடம் இருந்துச்சு. நாங்கதான் இடிச்சோம். அதனால ஸ்கொயர் முழுசா இல்ல. மாறிப்போச்சு. அதைத்தான் சொல்றேன்.”

“உங்க பிரமாணப் பத்திரத்துல ஒரு செங்கல்கூட மாறலைன்னு இருக்கு.”

“அது… தப்பு.”

“யார் குடியிருந்தாங்க அந்த வீட்டுல?”

“பம்ப் ஆபரேட்டர்.”

“பேர் இருக்குமே.”

“ஆபேல்” என்றார் கங்காதரன்.

அவர் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். ஆனால் கண் குமாஸ்தாவின் கையில் போய் நின்றது. அந்த ஆள் ‘ஆ’ எழுதினார். சுழி கொஞ்சம் நீண்டுவிட்டது. பிறகு ‘பே’. பிறகு ‘ல்’. புள்ளி வைத்தார்.

துர்கா தண்ணீர் குடித்தார். “நல்லது. ஒரு பாகம் இடிக்கப்பட்டதால மீதிக்குத் தகுதி போயிடாது. விதியில பதினோராம் பத்தி. இருபத்து நாலு வீடும் பட்டியலுக்குப் போகுது. இருபத்தஞ்சாவது வீடு இருந்த இடமும் மூல அமைப்பைச் சேர்ந்ததுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அங்கயும் எதுவும் கட்டக்கூடாது. அந்தக் கிரானைட் சுவரை எடுத்துட்டு, வெட்டுப்பட்ட வளைவு ரெண்டையும் வெளியில தெரியற மாதிரி விடணும்.”

கம்பெனி ஆள் ஃபைலை மூடினார். அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. பின்னால் இருந்த வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். “யார் உங்களை அதைச் சொல்லச் சொன்னது?” என்று ஒருவர் கங்காதரன் முதுகைப் பார்த்துக் கேட்டார். கங்காதரன் நின்றபடியே இருந்தார். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

“அப்புறம்,” துர்கா ஜெரூஷாவிடம் திரும்பினார். “நீங்க முன்னாலயே சொல்லியிருக்கணும்.”

“ஆமா மேடம்.”

“வேற ஆளை வெச்சு மறுபடி அளக்கச் சொல்லப்போறேன்.”

“அளக்கட்டும் மேடம். டேப் ஒண்ணுதான்.”

படியில் மோகன்ராஜ் முன்னால் இறங்கினார். கீழே வந்ததும் “என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றார். அவள் டேப்பையும் லேசர் மீட்டரையும் அவர் கையில் கொடுத்தாள். அவை அலுவலகத்துடையவை. தூக்குக்குண்டு அவளுடையது. அதை வைத்துக்கொண்டாள்.

அசரியா என்ற இன்னொரு வரைவாளர் மறுபடி அளந்தார். கால் அங்குலம் வித்தியாசம். ஆணை வந்தது. கறுப்புச் சுவர் போயிற்று. பூச்சைச் சுரண்டியபோது பன்னிரண்டாம் நம்பர்ச் சுவரிலிருந்து வளைவின் துண்டு வெளியே வந்தது, சிவப்பாக, நேற்று வெட்டியது போல. கங்காதரன் கதவைத் திறந்தால் இடது கண்ணில் அதுதான் படும். மறைக்கக் கூடாது, பூசக் கூடாது. வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘டேலி சதுக்கம். இருபத்தைந்து வீடுகள்.’ எண்ணிப் பார்க்கிறவர்கள் இருபத்து நாலில் நின்று, இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலும் பன்னிரண்டாம் நம்பர்க் கதவைத்தான் தட்டிக் கேட்பார்கள்.

வீட்டுக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். துபாயிலிருந்து வந்த மகன் மறுபடி போய்விட்டான்.

விசாரணைக் குறிப்பின் சான்றிட்ட நகல் ஒன்றை ஜெரூஷா வாங்கி, பழைய பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தாள். இரண்டையும் கோர்ட்டில் போட்டால் என்ன ஆகும் என்று கங்காதரனுக்குத் தெரியும். அவள் இன்னும் போடவில்லை. போடுவாளா மாட்டாளா என்று அவர் தினமும் யோசிக்கட்டும்.

சனிக்கிழமைகளில் வருவாள். இப்போது மேடவாக்கத்தில் ஒரு பில்டரிடம் வேலை, சம்பளம் குறைவு, சனிக்கிழமை லீவு. கோவிலம்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்தால் ஆறு மணிக்கு முன்னால் வந்து சேரலாம். மருந்துக்கடையும் டயர் கடையும் மூடியிருக்கும். வாசலில் நுழைந்து, கிணற்றைச் சுற்றி, வெட்டுப்பட்ட இரண்டு வளைவுகளுக்கு நடுவே போய் நிற்பாள். மணி பார்ப்பாள். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுப்பாள். பட்டியலில் இருக்கிற கட்டடத்தில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. குழாயில் தட்டக் கூடாது என்று எந்தப் பத்தியிலும் இல்லை.

டங். டங். டங்.

இருபத்து நாலு வீட்டுச் சுவருக்குள்ளும் ஓடியது. ஏழாம் நம்பரில் விளக்கு எரிந்தது. “வந்துட்டாடா” என்று செல்லியம்மாளின் குரல்.

பன்னிரண்டாம் நம்பர்க் கதவு திறந்தது. கங்காதரன் பனியனோடு நின்றார். பேனா இல்லை. கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு.

“எத்தனை நாளைக்கும்மா இப்படி?”

அவள் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பையில் போட்டாள்.

“அப்பா முப்பத்தொரு வருஷம் தட்டினார் சார்.”

தரையில் வால்வு இருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து, வாசலுக்குப் போனாள்.